ஒரே முகூர்த்தத்தில் பன்னிரண்டு அடுப்பு

என் மனைவி சொந்தமாக ஒரு கதவு வேண்டும் என்றாள். நான் பத்திரிகையில் இருந்த காலம் முழுக்க ஊர் ஊராக வாடகை வீடுகள்தான். எப்போது தண்ணீர் பிடிக்கலாம், எந்தக் கொடியில் துணி காயப்போடலாம் என்பதையெல்லாம் வீட்டுக்காரர்கள்தான் சொல்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஓய்வு பெற்றேன். பம்பாயில் இருந்த மகன் வரச் சொன்னான். மம்சாபுரத்தில் விவசாயம் பார்க்கும் அவளுடைய அண்ணன் தன் வீட்டில் ஓர் அறையை வெள்ளையடித்தே வைத்துவிட்டார். அவள் இரண்டுக்கும் பிடி கொடுக்கவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு மில் குடும்பம் மாடிக் குடியிருப்பு கட்டுவதாகக் கேள்விப்பட்டு, "ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்" என்றாள்.

பார்த்த அன்றே முடிவாகிவிட்டது. லிஃப்ட், வழுக்காத தரை, குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, மேற்கு ஜன்னல் நிறைய மலை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கீழே காவலாளி அறையில் மணி அடிக்கும் என்றார்கள். அவள் உடனே அழுத்தினாள். காவலாளி மாடி ஏறி ஓடிவந்தார். "நெசமாவே வாராரே!" என்று எனக்குச் சொல்லிவிட்டு, அவர் போனதும் மறுபடி அழுத்தினாள்.

கீழே பொதுச் சாப்பாட்டுக் கூடம் இருந்தது. விருப்பப்பட்டவர்கள் வீட்டிலும் சமைக்கலாம். ஆனால் கேஸ் கூடாது, கரண்ட் அடுப்புதான்.

மைத்துனருக்கு இது எதுவும் ஏறவில்லை. "ஏட்டி, கூடப்பெறந்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். நீ போயி விடுதியில கெடப்பியா?"

"விடுதி இல்லண்ணே, வீடு. பால் காய்ச்சித்தான் குடி போறோம்."

"கரண்ட்ல காய்ச்சுன பால் பொங்குமாக்கும்? சரி, பொங்கட்டும். நல்ல நேரத்துக்குள்ள பொங்கலன்னா எங்கூட மம்சாபுரத்துக்கு வந்திரணும்."

"பொங்கலன்னா வாரேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் அண்ணனிடம் சொன்ன சொல்லை மாற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

தை மாதத்தின் முதல் நல்ல முகூர்த்தத்தைக் குறித்தோம். அங்கே குடிவரவிருந்த மற்ற பதினோரு வீட்டாரும் அதையே குறித்திருந்தார்கள். காலண்டர் எல்லா வீட்டிலும் ஒன்றுதானே. விடிந்ததும் கட்டடம் கல்யாண வீடாகிவிட்டது. மாடிப்படி முழுக்கக் கோலம். லிஃப்டுக்குள் மாவிலைத் தோரணம். மைத்துனர், "அந்தப் பெட்டிக்குள்ள மனுசன் ஏறுவானா?" என்று சொல்லி, படியேறியே இரண்டாம் மாடிக்கு வந்தார். நல்ல நேரம் பிறந்ததும் பன்னிரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் அடுப்பு சுவிட்சைப் போட்டார்கள். கீழே ‘டப்’பென்று ஒரு சத்தம். மின்விசிறிகள் மெல்ல நின்றன.

மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சாமானைக் கட்டு தாயி."

"நேரம் இன்னும் கெடக்குண்ணே" என்றாள் அவள்.

கீழே எலக்ட்ரீசியன் ப்யூஸுக்குப் புதுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். "அம்புட்டுப் பேரும் ஒண்ணாப் போட்டா எப்படிங்கய்யா தாங்கும்? ரெண்டு ரெண்டு வீடாப் போடுங்க."

வரிசை போடும் வேலை என்னிடம் வந்தது. செய்திப் பிரிவில் இருந்தவன் என்பதால் எது முதல் பக்கம், எது உள்பக்கம் என்று பிரிக்கத் தெரியும் என நினைத்தார்கள். மில்லில் வீவிங் மாஸ்டராக இருந்தவர், "நாங்க மூணாவது மாடி. சாமிக்குக் கிட்டக்க இருக்கோம், எங்களை முதல்ல போடுங்க" என்றார். கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கிறிஸ்தவர், "கர்த்தர் குடுத்த நேரம் எல்லாம் எனக்கு நல்ல நேரம்தான். என்னைக் கடைசியில போடுங்க" என்று வழிவிட்டார். பட்டியல் போடுகிறவன் தன் வீட்டை முன்னால் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆசிரியையோடு சேர்த்துக் கடைசியில் போட்டேன்.

"உங்க நேர்மையை ஊறுகாய் போடவா?" என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு.

பால் பொங்கியதும் பெண்கள் குலவை போட வேண்டும். அதைக் கேட்டு நான் படியில் நின்று அடுத்த வீடுகளைக் கூப்பிடுவேன். ஏற்பாடு பிரமாதமாக ஓடியது. மேலே ஒரு குலவை, உடனே கீழே ஒரு சுவிட்ச். சொந்தபந்தமெல்லாம் படிகளில் ஏறி இறங்கியது. வேலைக்குப் போன நாட்களில்கூட நான் அத்தனை உற்சாகமாகக் கத்தியதில்லை.

எங்கள் முறை வந்தபோது நல்ல நேரம் முடியச் சற்றே இருந்தது. பாலில் ஆடை அசையத் தொடங்கியது. ஓரத்தில் நுரை கட்டியது. அப்போது மறுபடியும் ‘டப்’.

அவள் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மைத்துனர் அவள் முகத்தைப் பார்த்தார். சாமானைக் கட்டச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் பாய்ந்தார்.

"எவம்லே அது? எந்த வீட்டுல என்ன போட்டீக?"

வீவிங் மாஸ்டர் ஈரத் துண்டோடு எட்டிப் பார்த்தார். "குளிக்க வெந்நீர்... ஹீட்டரை..."

"பொறவு முழுகிக் குளிங்கய்யா! இங்க என் தங்கச்சி பாலு பாதியில நிக்குது!"

கீழே போய் ப்யூஸ் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "என்னைத் தாண்டி எவனும் சுவிட்சுல கை வச்சிருவானா பாப்போம்" என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது. தலைமை ஆசிரியை தன் அடுப்பை அணைத்துவிட்டு, "முதல்ல அவுக பொங்கட்டும்" என்று சொல்லி அனுப்பினார்.

எலக்ட்ரீசியன் மறுபடி கம்பி சுற்றி முடிக்க, கரண்ட் வந்தது. அடுப்பின் கம்பிச்சுருள் சிவந்தது.

"பொங்கிருச்சா?" கீழேயிருந்து மைத்துனர்.

"இன்னும் இல்ல!"

"செத்த நேரத்துல பொங்கிரும்! கண்ணை எடுக்காத!"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பால் எழுந்தது, விளிம்பில் சற்று நின்றது, வழிந்தது. சுருளில் பட்டுச் சுரீரென்றது. அவள் போட்ட குலவை கட்டடம் முழுக்கக் கேட்டது. மற்ற வீட்டுப் பெண்கள் அங்கங்கே நின்றபடி சேர்ந்துகொண்டார்கள்.

மைத்துனர் ஏறிவந்தபோது வேர்த்து ஊற்றியது. மேடையைக் குனிந்து பார்த்து, "கெழக்க வழிஞ்சிருக்கு. நல்லது" என்றார். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "ஆடித் தேருக்காவது மம்சாபுரத்துல வந்து அஞ்சு நாள் இருக்கணும். சொல்லிப்புட்டேன்" என்றார்.

"வாரேன்ண்ணே. ஆனா தங்க முடியாது" என்றாள் அவள், அடுப்பைத் துடைத்தபடி. "வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு எத்தனை நாளைக்கு இருக்க?"