காக்கிச் சட்டையில் செம்மண்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். கவலையை எப்படித் தாங்குவது, மனதை எப்படிக் காப்பாற்றுவது என்று படித்தவர்கள் எத்தனையோ எழுதுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் நானும் வந்து உட்காருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு நெருங்கித் தெரிந்தது ஒரே ஒருத்தியின் கவலைதான். அது என் மதினியின், என் அண்ணன் மனைவியின் கவலை.

மதினி என்றதும் எனக்கு முன்னால் வருவது ஆற்றுப் படித்துறை. அண்ணனின் காக்கிச் சட்டையை அவள் தண்ணீருக்குள் முக்கி எடுப்பாள். சட்டையிலிருந்து சிவப்பாக ஒரு கலங்கல் கிளம்பி, கொஞ்ச தூரம் கோடு மாதிரி ஓடி, ஆற்றோடு கரைந்து போகும். அது முழுக்கப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகுதான் சட்டையைக் கல்லில் போடுவாள். பல நாள் பக்கத்திலேயே இருந்து பார்த்தும் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

முக்கூடலுக்குப் பக்கம் எங்கள் ஊர். அண்ணன் அரசு பஸ்ஸில் டிரைவர். திருநெல்வேலியிலிருந்து சாத்தான்குளம் போகிற வண்டி அவனுடையது. மதினியும் நானும் வீட்டில் பீடி சுற்றினோம். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் சாதிச் சண்டை மூண்டது. ஓர் ஊரில் ஒருவனை வெட்டினால் அடுத்த ஊரில் பஸ் கண்ணாடி உடையும். காலையில் வண்டி எடுத்துப் போகிறவர்கள் திரும்பி வந்தால்தான் நிச்சயம் என்று ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் மதினிக்கு ஆறாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, இவள் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும், அதிர்ச்சி எதுவும் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நிம்மதிக்கு ஒரு காவல் போட்டோம். ரேடியோ ரிப்பேர் என்று சொல்லி அம்மா அதைப் பரணில் ஏற்றினாள். வாசலில் நின்று ஊர்க்கதை பேச வேண்டாம் என்று அக்கம்பக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அண்ணன் தன் பங்குக்கு ஒரு பொய் சொன்னான். ரூட்டை மாற்றிவிட்டார்கள், இனிமேல் பாபநாசம்தான், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை என்றான். மதினி சரி என்று தலையாட்டினாள். எங்களுக்கு அப்பாடா என்று இருந்தது.

ஒரு நாள் படித்துறையில், சட்டையை முக்கிக்கொண்டே அவள் என்னைக் கேட்டாள்.

"ஏட்டி, பாபநாசத்துல எங்க இருக்கு இம்புட்டுச் செம்மண்ணு?"

சாத்தான்குளம் பக்கம் தேரிக்காடு. காற்றடித்தால் சிவப்பு மணல் எழுந்து ரோட்டில் போகிறவர்கள் மேலெல்லாம் படியும். பாபநாசத்தில் மலையும் அருவியும் உண்டு, தேரி ஏது?

"ஒங்க அண்ணன் பாபநாசத்துக்கு வண்டி ஓட்டுதாவளாம். தேரி மண்ணு மட்டும் நடந்து போயி சட்டையில ஏறிக்கிடுதாம்" என்று சிரித்தாள்.

"எப்பம் தெரியும் மதினி?"

"மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"வீடே எனக்காவ நடிக்கிய. நல்லா வேற நடிக்கிய. அதை ஏன் கெடுக்கணும்னுதான்."

அதற்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "ஊரே கூடிக் கூடிப் பேசுது. நம்ம வாசலுக்கு வந்ததும் எல்லாரும் வாயைப் பொத்துதாவ. அப்பம் நான் என்ன நெனைப்பேன்? தெனமும் அவிய செத்துப் போயிட்டாவன்னுல்லா நெனைக்கேன்" என்றாள். ஆற்றுத் தண்ணீர் எங்கள் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு எட்டாமல் நாங்கள் மறைத்த சேதிகளைவிட எத்தனையோ பெரிய சேதிகளை அவள் தனியாக உட்கார்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அன்று சோறு போடும்போது அண்ணனிடம், "நாளைக்கு எந்த ரூட்டு?" என்றாள்.

"பாபநாசம்தான்."

"சாத்தான்குளம்னே சொல்லுங்க. சட்டை எல்லாத்தையும் சொல்லிட்டுது."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவைப் பார்த்தான். "பயந்துராத தாயி" என்று அம்மா பதறினாள். "இருக்கதுக்குப் பயந்துக்கிடுதேன் அத்தே. இல்லாததுக்கெல்லாம் பயந்து என்னால முடியலை" என்றாள் மதினி.

அன்றைக்கு அவளாக ஓர் ஏற்பாடு செய்தாள். அண்ணன் வந்ததும், சாப்பிட உட்காரும் முன், ரோட்டில் நடந்ததை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். ஒரு தடவைதான். அதற்கு மேல் மறுநாள் வரைக்கும் அந்தப் பேச்சு வீட்டில் கிடையாது. வெளியிலிருந்து யார் சேதி கொண்டுவந்தாலும் அவள் முதலில் கேட்பது, "நீங்க பாத்தியளா?" என்பதுதான். பார்த்தேன் என்றால் உட்காரவைத்து முழுவதும் கேட்பாள். கேள்விப்பட்டேன் என்றால், "பாத்தவுக வந்தா கேட்டுக்கிடுதேன்" என்று பீடி இலை நறுக்கப் போய்விடுவாள். ரேடியோ பரணிலிருந்து இறங்கியது. ராத்திரிச் செய்தி மட்டும் கேட்போம், பிறகு பாட்டு. இதனால் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க வீடெல்லாம் பரந்து கிடந்தது ஓர் இடத்தில் அடங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மதினி வயிறாரச் சாப்பிட்டாள், மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

இப்போது என் கையிலேயே போன் இருக்கிறது. எங்கோ நடந்த வெட்டும் குத்தும் சமைக்கும்போதே வந்து விழுகிறது. யார் பார்த்தது, யார் கேட்டது என்று தெரியாது. என் மகன் ஒரு தடவை போனை எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருக்கிறேன். அன்று மதினி வயிற்றிலிருந்த பிள்ளை இன்று நாங்குநேரியில் டீச்சராக இருக்கிறாள். அவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்கிற வரைக்கும் மதினி இன்றும் அடுப்பங்கரையில் நிலைகொள்ளாமல்தான் நடக்கிறாள். மதினியின் ஏற்பாட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. அதை நான் அந்த வருஷமே பார்த்துவிட்டேன்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் பால்காரக்கா ஓடிவந்தாள்.

"ஏ பிள்ளைகளா, சாத்தான்குளம் ரோட்டுல பஸ்ஸை எரிச்சுட்டானுவளாம்!"

"நீங்க பாத்தியளா அக்கா?" என்றாள் மதினி.

"நான் எங்க தாயி பாத்தேன்? டீக்கடையில சொன்னாவ."

"அப்பம் இருங்க. காப்பி குடிச்சிட்டுப் போவலாம்."

பால்காரக்கா என்னைப் பார்த்தாள். நான் காப்பி போட எழுந்தேன். அவள் போனதும் மதினி மறுபடி இலையும் புகையிலைத் தூளும் இருந்த சுளகை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் தாழ்ந்தது. டூட்டி முடிந்து அண்ணன் ஊருக்கு ஏறி வருகிற வண்டி வரவில்லை. அதற்கு அடுத்த வண்டியும் வரவில்லை. அம்மா பஸ் ஸ்டாப்பிலேயே போய் நின்றுகொண்டாள்.

கட்டுப் போடுவதற்காக மதினி சுற்றிய பீடிகளைக் கையில் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் அவள் பீடி விரல் மாதிரி விறைப்பாக நிற்கும். அன்றைக்கு ஒவ்வொன்றும் தொளதொளவென்று கிடந்தது. சிலதில் தூளே இல்லை, வெறும் இலை. நான் சத்தம் காட்டாமல் நூலைப் பிரித்து, ஒவ்வொன்றாக இறுக்கிச் சுற்றி, என் பீடிகளோடு கலந்து வைக்க ஆரம்பித்தேன்.

"என்னட்டி, மறுபடியும் மறைக்கியா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் கையிலிருந்த பீடி சுற்றச் சுற்றப் பிரிந்துகொண்டிருந்தது.

"வாய்க்குச் சட்டம் போட்டேன், கேக்குது. கை கேக்க மாட்டேங்கு."

சுளகைத் தள்ளிவைத்தாள். என் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை புரண்டது. "ஒண்ணும் ஆவாதுன்னு மட்டும் சொல்லிராத, என்ன?" என்றாள். இருட்டத் தொடங்கியும் விளக்கைப் போடாமல் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலையில் அண்ணன் ஒரு வாழைத்தார் லாரியில் வந்து இறங்கினான். எரிந்தது வேறு வண்டி. அவனுக்கு நெற்றியில் கண்ணாடி கீறிய காயம். நடந்ததைச் சொன்னான், சாப்பிட்டான், தூங்கினான். சாயங்காலம் டிப்போவிலிருந்து ஓர் ஆள் வந்து, விடிந்ததும் சாத்தான்குளம் வண்டியை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.