சார்பகத்தில் என் மகள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். வீடு தென்காசியில். எண்பத்தொன்றில் என் மகள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்திருந்தாள். வெளியாட்களிடம் எனக்குப் பேச வராது. அவளிடம் வரும். ஒரு நாள் எஃப் என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குள் எக்ஸ் போட்டிருந்தாள்.

“ரெண்டையும் பெருக்கணுமாட்டி?”

“பெருக்கப்பிடாதுப்பா. எஃப்ங்கிறது சார்புக்குப் பேரு. எக்ஸ் உள்ள போற எண்ணு. மொத்தமா வாசிச்சா வெளிய வாற எண்ணு.”

நான் விழிப்பதைப் பார்த்து மார்க்கெட்டுக்கே வந்துவிட்டாள். விவசாயி கொண்டுவரும் மூட்டையில் கமிஷன் கடையின் எழுத்தை மையால் போடுவோம். ஒரு மூட்டை ஒரு கடைக்குத்தான் போகும். ஒரு கடைக்குப் பல மூட்டை வரலாம். எந்த மூட்டை எந்தக் கடைக்கு என்பதுதான் சார்பு, மூட்டைகள் எல்லாம் சேர்ந்தது சார்பகம், அவை போய்ச் சேரும் கடைகள் வீச்சகம் என்றாள். சார்பகத்தில் ஒரு மூட்டைகூடச் சும்மா கிடக்கக் கூடாதாம். அவள் புத்தகத்தில் இரண்டு பக்கமும் மெய்யெண்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்குப் புரிந்தது.

என் மனைவியின் தம்பிக்குச் சுரண்டையில் கடை. கல்யாணமாகிப் பல வருஷம், பிள்ளை இல்லை. அக்காள் மகள் தாய்மாமனுக்கு உரிமை என்பது எங்கள் வழக்கம். அதைக் கேட்டு வந்தான். அவன் மனைவியும் கூட வந்து தலையாட்டினாள்.

“அவ படிக்கட்டும்” என்றேன்.

“அத்தானுக்கு இன்னைக்குத்தான் வாய் தொறந்திருக்கு. படிச்சு கலெக்டராவா போகப்போறா?” என்று மச்சினன் சிரித்தான்.

“எந்தம்பி வீடு வெளங்காமப் போகணுமா? குமரிய வீட்டுல சும்மா வச்சிருக்க முடியுமா?” என்றாள் மனைவி.

மகள் கதவருகே நின்றாள். “இதுவும் சார்புதாம்ப்பா. எனக்கு ரெண்டு மாப்பிள்ள கூடாது. மாமாவுக்கு ரெண்டு பொண்டாட்டி இருக்கலாம்.”

“பாத்தீயளா, பிள்ளையே சரின்னுட்டா” என்றான் அவன்.

நான் முடியாது என்றேன். சாரல் தொடங்கிய சமயம், நான் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், குற்றாலத்துக் கோயிலில் வைத்து அவளுக்குத் தாலி கட்டிவைத்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஓடினேன். அருவியில் குளித்துவிட்டு வந்த கூட்டத்துக்குள், கழுத்தில் மாலையோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

மறுவருஷம் மச்சினனின் மூத்த மனைவிக்கே பிள்ளை பிறந்தது. அதை என் மகள்தான் வளர்க்கிறாள். நான் போனால், “சாப்பிட்டீயளாப்பா?” என்பாள். கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.

1989, தை பத்து.