அவர் பெயரில் என் குறட்டை

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் என் வீட்டுக்காரருக்குக் 'குறட்டை ஃபிட்டர்' என்று பெயர். நூல் மில்லில் ஃபிட்டர் வேலை, வீட்டில் குறட்டை. இரண்டையும் சேர்த்து எந்தப் புண்ணியவானோ வைத்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வற்றல் வறுத்தால் மற்ற வீடுகளிலும் தும்முவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குறட்டையை மூடி மறைக்க முடியாது. ஆனால் அது யாருடைய குறட்டை என்பது மட்டும் பதினாறு வருஷம் வெளியே தெரியாமல் இருந்தது. அது என்னுடையது.

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். பாவாடை சட்டை போட்ட வயதிலேயே எனக்குக் குறட்டை உண்டு. ஆம்பிளை குறட்டை விட்டால் உழைத்த களைப்பு என்பார்கள், பொம்பிளை விட்டால் அடக்கம் கெட்டவள் என்பார்கள். என் அம்மாவுக்கு இதில் என்னைவிடப் பயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். "மல்லாக்கப் படுக்காத. ஒருச்சாச்சுப் படு. அவிய வீட்டுல எல்லாரும் தூங்குன பொறவு நீ தூங்கு." கடைசி யோசனைதான் வேடிக்கை. நான் தலையணையைப் பார்த்தாலே தூங்குகிறவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த மறுநாள் காலை மாமியார் முற்றத்தில் நின்று, "ராத்திரி என்ன சத்தம்டா அது? லாரி எதுவும் ரிப்பேராகி வாசல்ல நின்னுச்சா?" என்று கேட்டார். காப்பி டம்ளரும் கையுமாக நான் அப்படியே நின்றுவிட்டேன். இவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "நாந்தாம்மா. மில்லுல பஞ்சுத் தூசி. மூக்கு அடைச்சிருக்கு" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாலி கட்டியது அதற்கு முன்னாலேயே என்றாலும், எனக்குக் கல்யாணம் ஆனது அந்த நிமிஷத்தில்தான். அன்று அவர் மேல் வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. அவர் எத்தனையோ முறை குறைக்கப் பார்த்தும் குறையவில்லை.

எங்கள் ஊரில் பஞ்சுத் தூசி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. இருமல், தும்மல், கண் எரிச்சல், கோபம், எல்லாவற்றுக்கும் பஞ்சுத் தூசிதான் காரணம். மாமியார் அன்றைக்கே வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். தூதுவளை ரசம், கற்பூரவல்லிக் கசாயம், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட்டு மூக்கில் இரண்டு சொட்டு. என் குறட்டைக்கு இவர் மருந்து குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வேன்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு என்மேல் தனி இரக்கம். "அய்யோ தேவுடா! நீ எப்பிடிம்மா இந்த மனுசன் பக்கத்துல தூங்குத? ராத்திரி எங்க வீட்டுச் சட்டியெல்லாம் அதிருது" என்பார். நானும் பெருமூச்சு விட்டு, "என்னக்கா செய்ய, கட்டிக்கிட்டாச்சு" என்பேன். உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவருக்கு இது நன்றாகவே கேட்கும். அன்றைக்குச் சாப்பிடும்போது மட்டும், "கட்டிக்கிட்டாச்சாக்கும்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். ராத்திரி ஷிப்ட் போகமாட்டார். முறை வந்தால் யார் கையையாவது காலையாவது பிடித்து மாற்றிக்கொள்வார். மற்றவர்கள் விடுமுறை எடுக்கும் பண்டிகை நாளில் அதற்குப் பதிலாக இவர் வேலைக்குப் போவார். பொண்டாட்டி முந்தானையை விட்டு நகரமாட்டான் என்று மில் கேட் வரைக்கும் கேலி. எனக்கு அதைக் கேட்டுக் கூச்சமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். "ஊர்ல எல்லா ஆம்பிளையும் போறாக, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று சண்டை பிடிப்பேன். "ஒத்துக்கிடல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

எனக்கோ பகல் முழுக்கத் தூக்கம். காலையில் எழும்போதே தலை கனக்கும். ஆடிப்பூரத்துத் தேர் பார்க்கப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவ்வளவு பெரிய தேர் அசைந்து வருகிறது, ஊரே வடம் பிடித்துக் கத்துகிறது, நான் ஒரு கடைச் சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது தேர் தெரு திரும்பிவிட்டது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "தேருக்கே முழிக்காதவ எதுக்குடி முழிக்கப் போற?" என்றாள்.

தொண்ணூறுகளில் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஒரு யூனிட்டில் பவர் மிஷின் ஓட்டினேன். ஒருநாள் மதியம் தைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகி, ஊசி ஆட்காட்டி விரலில் இறங்கிவிட்டது. முதலாளி நல்ல மனுஷர். கட்டுப் போட்டுவிட்டு, "வேலை இருக்கும்மா. ஆனா உங்களுக்குக் கை வேணுமில்ல?" என்று அனுப்பிவைத்தார். பார்த்த டாக்டர்கள் எல்லாம் ரத்தம் குறைவு என்று சத்து மாத்திரை எழுதினார்கள். ரத்த அழுத்தம் ஏறியது, அதற்கும் ஒரு மாத்திரை. "தூக்கம் நல்லா வருதா?" என்று தவறாமல் கேட்பார்கள். வருகிறது என்பேன். தூங்குகிறவளுக்குத் தூக்கத்தில் நோய் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இரவல் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். வன்னியம்பட்டி விலக்கு தாண்டி வந்ததுதான் எனக்குத் தெரியும். அடுத்துக் கண் விழித்தபோது தார் ரோட்டில் கிடந்தேன். பின்னால் வந்த லாரி கிறீச்சிட்டு நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்து, பயத்தில் என்னையே திட்டினார். இவர் நான் விழுந்தது தெரியாமல் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் போயிருக்கிறார். பதில் வராததால் திரும்பிப் பார்த்திருக்கிறார். பதில் வராமல் போவது வழக்கம்தான், அன்றைக்கு ஆளும் இல்லை. வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். எனக்கு முழங்கையும் தோளும் சிராய்த்ததோடு போயிற்று. இவர்தான் லாரிச் சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாளே மதுரைக்குப் புறப்பட்டோம். மாமியாரும் கூட வந்தார். அங்கே பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. ஒவ்வொன்றாகக் கேட்டார். பகல் தூக்கம், காலைத் தலைவலி, ரத்த அழுத்தம். எல்லாம் எழுதிக்கொண்டு, "குறட்டை உண்டா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "நாந்தான் டாக்டர் விடுவேன்" என்றார். பழக்கதோஷம். மாமியார் வேறு பக்கத்தில் இருக்கிறார். அவரும் தன் பங்குக்கு, "ஆமா டாக்டரம்மா. பயங்கரமா விடுவான். பஞ்சுத் தூசி" என்றார்.

டாக்டரம்மா நாற்காலியை இவர் பக்கம் திருப்பினார். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையில் டார்ச் அடித்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "பகல்ல உங்களுக்கும் தூக்கம் வருமா?" என்றார். இல்லை என்றார் இவர். "தலைவலி?" அதுவும் இல்லை. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"குறட்டை உங்களுக்கு, தூக்கம் இவங்களுக்கு. ஒரே நோயை ரெண்டு பேரும் பங்கு போட்டு வச்சிருக்கீங்களா?"

நான் மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தேன். டாக்டரம்மாவே தொடர்ந்தார். "ஏன் கேக்குறேன்னா, இந்த நோய்ல குறட்டை விடும்போது நடுவுல மூச்சு நிக்கும். தொண்டைச் சதை தளர்ந்து அடைச்சிடும். திரும்பத் திரும்ப நின்னா இதயத்துக்குக் கெடுதல். உயிருக்கே ஆபத்து."

'மூச்சு நிக்கும்' என்றதுமே இவர் முகம் மாறிவிட்டது. "நிக்கும் டாக்டரம்மா" என்றார். "எனக்கில்ல, இவளுக்கு. குறட்டையும் இவளுக்குத்தான். கொஞ்ச நேரம் சத்தமா விடுவா, பொறவு பொசுக்குன்னு நின்னுரும். நான் முதுகுல தட்டுவேன். ஒரு இழுப்பு இழுத்துட்டுத் திரும்ப விடுவா. மறுபடி நிக்கும். மறுபடி தட்டுவேன். தட்டாம விட்டா வராமலே போயிருமோன்னு பயம். அதான் ராத்திரி ஷிப்டுக்கும் போறதில்ல." சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் முதுகில் யாரோ தட்டியதாக எனக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

மாமியார் என்ன சொல்வாரோ என்று நான் ஒடுங்கிப் போய் உட்கார்ந்திருந்தேன். அவர் முதலில் மகனைத்தான் பிடித்தார். "ஏலே, அப்ப நான் வச்சுக் குடுத்த கசாயம் அம்புட்டும்?"

"குடிச்சேன்ல."

"எதுக்குலே குடிச்ச, கூறுகெட்டவனே!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, குறட்டை விட்டா விட்டுட்டுப் போற. மூச்சு நிக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் ஒரு பக்கம் முழிச்சிருந்திருப்பேன்ல? இவன் ஒத்தையில எம்புட்டு ராத்திரி முழிச்சானோ." எனக்கே இப்போதுதான் தெரியும் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், நான் நடந்தபடியே தூங்கி விழுந்துவிடுவேன் என்பதுபோல.

டாக்டரம்மா சொன்ன பரிசோதனைக்குச் சென்னை போகவேண்டியிருந்தது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் விடிந்ததும் இவரைப் பார்த்து, "சாருக்கு நல்ல தூக்கம் போல. பெட்டியே அதிர்ந்துச்சு" என்றார். இவர் சங்கடமாகச் சிரித்துத் தலையாட்டப் போனார். "விட்டது நான்" என்றேன். எதிர் சீட்டுக்காரருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எனக்கு என்னவோ நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தன்னால்தான் வைத்தியம் இத்தனை நாள் தள்ளிப்போயிற்று என்று வழியெல்லாம் இவர் மருகிக்கொண்டு வந்தார். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. என் மானத்தைக் காத்தவரும் என்னைத் தட்டித் தட்டி உயிரோடு வைத்திருந்தவரும் ஒரே ஆள்தானே.

தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்கவைத்தார்கள். மறுநாள் 'ஸ்லீப் ஆப்னியா' என்று உறுதியாகச் சொன்னார்கள். மாமியார் வாயில் அது 'ஆப்பு நோய்' ஆகிவிட்டது. "தொண்டையில ஆப்பு வச்ச கணக்கா அடைச்சுக்கிடுமாம்" என்று காம்பவுண்டு முழுக்க அவரே விளக்கினார். டாக்டர் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது. மகன் பெயரிலிருந்து குறட்டையை எடுத்து மருமகள் பெயருக்கு மாற்றிவிட்டதையும் அப்போதே அறிவித்தார். தெலுங்கு அக்கா என்னைப் பார்த்து, "அடிப்பாவி, உனக்கா நான் பாவம் பாத்தேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது.

அவர்கள் எழுதிக்கொடுத்த சிபாப் என்கிற காற்று மிஷின் வந்து சேர்ந்தது. மூக்கில் மாஸ்க்கை மாட்டினால் குழாய் வழியாகக் காற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் தொண்டை அடைக்காது. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டிய மாதிரி எனக்கு மூச்சுத் திணறியது. முதல் நாள் பிடுங்கி எறிந்துவிட்டு, "செத்தாலும் சாவேன், இதை மாட்டமாட்டேன்" என்று கத்தினேன். நான் எறிந்ததை இவர் எடுத்துத் துடைத்து வைத்தார். பகலில் உட்கார்ந்தபடி பழகச் சொல்லியிருந்தார்கள். மதியம் ஷிப்ட் முடிந்து வந்ததும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாரை மாட்டாமல் மாஸ்க்கைக் கையாலேயே என் மூக்கில் பிடித்துக்கொள்வார். "செத்த நேரம். இந்தா, இன்னும் செத்த நேரம்" என்பார். கொஞ்சம் இழுப்பேன், தள்ளிவிடுவேன், மறுபடி பிடிப்பார். கை வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் கைக்காகத்தான் பழகினேன். டாக்டருக்காக இருந்தால் என்றைக்கோ மிஷினைக் கட்டிப் பரணில் போட்டிருப்பேன்.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். ஒருநாள் நானாகவே கண் விழித்தேன். யாரும் எழுப்பவில்லை, தலை கனக்கவில்லை. ஜன்னல் வெளுத்திருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன். பக்கத்தில் இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவருக்கு முன்னால் தூங்கி, அவருக்குப் பின்னால் எழுந்தவள். அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மில் சங்கு ஊதியது. அவர் புரளக்கூட இல்லை.

மாமியார் வாசலில் வந்து நின்று, "ஏட்டி, சங்கு ஊதிருச்சு. அவன எழுப்பு" என்றார்.

"தூங்கட்டும் அத்தை."

அவர் மகனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார். வெளியே குழாயடியில் யாரிடமோ சத்தம் போடாதே என்று அதட்டியது கேட்டது.

வெயில் பாய் வரைக்கும் வந்த பிறகுதான் இவர் விழித்தார். பதறி எழுந்து உட்கார்ந்து, "ஷிப்ட் போச்சே. ஏன் எழுப்பல?" என்றார்.

"பதினாறு வருசமா நீங்க என்னைய எழுப்புனது போதும். படுங்க" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்து, மறுபடி தூங்கிப் போனார்.