ஜீப்பில் மூன்று கிழமை, பெஞ்சில் ஐந்து வருடம்

எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து இதுவரை ஒருவரும் விண்வெளிக்குப் போகவில்லை. ஆனால் என் கைவேலை ஒன்று போகப்போகிறது. ஒரு பெண்பிள்ளையின் தாடையில் இருக்கும் தழும்பு அது. அதைப் போட்டவன் நான். இன்னும் சரியாகச் சொன்னால் என் ஜீப்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஐந்தாம் வகுப்பையும் முடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் எழுந்து போனவன் திரும்ப வகுப்புக்குள் கால் வைக்கவில்லை. ரப்பர் பால் எடுத்தேன், லொறியில் கிளீனராகப் போனேன், பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினேன். இன்றைக்கு பஸாரில் என் ஹார்ட்வெயார் கடையைத் தெரியாதவர் கிடையாது. படித்தவர்கள் என்னிடம் வந்து எந்த ஆணி வேண்டும் என்று தெரியாமல் நிற்பார்கள். நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

இவ்வளவு இருந்தும் எனக்கு ஒரு குறை. அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் என்னைச் சேர்க்கவில்லை. வருடா வருடம் ஒன்றுகூடலில் உறுப்பினர்கள் எல்லோரும் பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு முன்வரிசையில் இருப்பார்கள். எனக்கு மட்டும் வெள்ளை ரிப்பன். அதில் ‘நலன்விரும்பி’ என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் டேங்க் கட்டிக் கொடுத்ததற்கு அந்த மரியாதை. எனக்கு வெள்ளை வேண்டாம், பச்சைதான் வேண்டும். செத்தால் பெட்டிக்குள் அந்தப் பச்சை ரிப்பனோடுதான் படுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வீட்டுக்காரி, “அடக்கத்துக்கு வர்ற சுவாமியார் அதயும் மந்திரிக்கணுமா?” என்று கேட்டாள்.

சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற வாத்தியார். என்னோடு ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர். மூன்று தரம் விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று தரமும் அவரே திருப்பிக் கொடுத்தார்.

“யாப்புல இருக்குப்பா, சங்கத்துச் சட்டம். விடுகைப் பத்திரம் இல்லாதவங்கள சேக்க ஏலாது. நீ சொல்லாம கொள்ளாம ஓடுன ஆளு. ஒனக்கு ஏது பத்திரம்?”

“டேங்க் கட்டுறப்ப யாரும் பத்திரம் கேக்கலையே.”

“டேங்குக்கு யாப்பு இல்ல” என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

இந்த நேரத்தில்தான் என் தழும்பு திரும்பி வந்தது.

என் கடைக்கு எதிரே ஒரு முஸ்லிம் நானா கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி எடுப்பார், போன் பழுது பார்ப்பார், மீதி நேரத்தில் உலகச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டுவார். அன்று போனை நீட்டினார்.

“மொதலாளி, இதப் பாருங்க. இந்தப் பல்கலைக்கழகத்துல படிச்ச ரெண்டு பேர அடுத்த பயணத்துல விண்வெளிக்கு அனுப்பப் போறாங்களாம். ஒரு ஆம்புள, ஒரு பொம்புள. பல்கலைக்கழகத்துக்காரங்களுக்கு ஒரே பெருமயா ஈக்கி.”

படத்தில் இரண்டு பேர் ஆரஞ்சு உடுப்பில் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மூலையில் ஒரு சின்னம். மரமும் மூன்று நட்சத்திரமும். அந்தச் சின்னத்தை நான் மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், என் ஜீப்பின் முன் சீட்டில் கிடந்த ஒரு பையில் பார்த்திருக்கிறேன்.

“நானா, அந்தப் பொம்பளப் புள்ளயோட தாடைய கொஞ்சம் பெரிசாக்குங்க.”

பெரிசாக்கினார். இடது பக்கம், பிறை மாதிரி, நகத்தளவு.

“இது என்னோடது” என்றேன்.

நானா போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மொதலாளி, காலையில சாப்பிட்டீங்களா?”

நடந்தது இதுதான். ஒரு பதினைந்து வருடத்துக்கு முன்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து கல் ஆராய்ச்சி செய்கிற மாணவர்கள் நாலு பேர் வந்தார்கள். ஓப்பநாயக்கப் பக்கத்து மலைகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வாடகைக்குக் கிடைத்தது என் ஜீப். அந்த நாலு பேரில் ஒருத்திதான் இந்தப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, சிங்களம் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலீசு கோ, ஸ்டொப், ரிவர்ஸ். அது போதுமாக இருந்தது.

முதல் நாளே மேட்டில் ஜீப் நின்றுவிட்டது. முதல் கியருக்கு இழுக்கச் சக்தி இல்லை. நான் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றினேன். பழைய வண்டிக்கு அதுதான் வைத்தியம். மற்ற மூன்று பேரும் பயந்து குதித்துவிட்டார்கள். இந்தப் பிள்ளை மட்டும் பின்னால் திரும்பி உட்கார்ந்து கைதட்டியது. மறுநாள் தானே ஓட்ட வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டது. கொடுத்தேன். மூன்றாவது நாள் என்னைவிட நேராக ஏற்றியது. விண்வெளிக்கு ஆள் எடுப்பவர்கள் எதையெல்லாம் பரீட்சித்தார்களோ எனக்குத் தெரியாது. முதல் பரீட்சையை வைத்தவன் நான்.

இரண்டாவது கிழமை அவளுடைய கல் உடைக்கும் சுத்தியல் ஆற்றில் விழுந்துவிட்டது. என் சீட்டுக்கடியில் ஒரு முழ நீளத்தில் இரும்புக் கம்பி ஒன்று கிடந்தது. தலையில் பெரிய நட் வைத்து அடித்திருக்கும். டயர் கழற்ற, பாம்பு அடிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதை எடுத்துக் கொடுத்தேன். மிச்ச நாளெல்லாம் அதாலேயே உடைத்தாள். கடைசி நாள் பின்கதவின் கொக்கி கழன்று, கதவு விழுந்து அவள் தாடையில் பட்டது. டிஸ்பென்சரி டொக்டர் மூன்று தையல் போட்டார். நான் தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். அவள் ஒரு கையால் பஞ்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் முதுகில் தட்டிச் சிரித்தாள்.

படத்தில் கூட நிற்கிற ஆம்பளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது. அவர் என் ஜீப்பில் ஏறவில்லை.

பஸாரில் ஒருவரும் நம்பவில்லை. மீன் கடையில், “மொதலாளி, சந்திரன்ல ஒரு பிராஞ்ச் போடுறீங்களாமே” என்றார்கள். செயலாளர் கடை வாசலிலேயே நின்று சொன்னார்: “அஞ்சாங் கிளாஸ்ல பத்தாம் வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவன், விண்வெளிக்குப் போறவளுக்குச் சொல்லிக் குடுத்தானாம்.” ஆணிக்குப் பிடித்திருந்த தராசை அப்படியே கீழே போட்டேன். கோபத்தில்தான்.

நேரே நானாவிடம் போனேன். “அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்க. அவங்களே சொல்லட்டும்.”

கடிதம் எழுத விலாசம் இல்லையாம், போனில் ஒரு படிவம்தான் இருந்தது. நானா ஒவ்வொரு கட்டமாக வாசித்தார்.

“நீங்க யாரு எண்டு கேக்குது. மாணவர், பழைய மாணவர், ஊழியர், பத்திரிகைக்காரர். இதுல ஒண்ட அமத்தணும்.”

“ஜீப் டிரைவர் இல்லையா?”

“இல்ல மொதலாளி.”

“மத்ததுன்னு ஒண்ணு இருக்குமே.”

“அதுவும் இல்ல. அமத்தாட்டி மேல போகாது.”

யோசித்தேன். பத்திரிகைக்காரன் என்றால் பொய். ஊழியர் என்றால் அவர்கள் எனக்குச் சம்பளம் போட்டதில்லை. மூன்று கிழமை அந்தப் பிள்ளைகளோடு மலை மலையாக ஏறி, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டு, அவர்கள் பார்த்த கல்லை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

“எது கிட்ட வருது நானா?”

“பழைய மாணவர்தான் கொஞ்சம் கிட்ட வருது” என்றார், இருமிக்கொண்டே. அமத்தினார். எந்த வருடம் என்று கேட்டது, ஜீப் ஓட்டின வருடத்தைப் போட்டோம். எந்தப் பாடம் என்று கேட்டது, கல் என்று போட்டோம். கீழே ஒரு பெரிய கட்டத்தில் தழும்பையும் ரிவர்ஸையும் நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதில் ஒரு சொல் பொய் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் தபாலில் தடித்த உறை ஒன்று வந்தது. மரமும் மூன்று நட்சத்திரமும். நானா கடையிலேயே உடைத்தோம். அவர் வாசித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மொதலாளி, ஒங்கள அவங்கட பழைய மாணவர் எண்டு போட்டீக்கிறாங்க. விண்வெளிக்குப் போற ரெண்டு பேரும் ஒங்கட சகோதர பழைய மாணவர்களாம். போற நாளையில, எந்த நாட்டுல இருந்தாலும் இத நெஞ்சுல குத்திக்கொண்டு பாக்கட்டாம்.”

உறைக்குள் ஒரு சின்னப் பின் இருந்தது. தங்க நிறம்.

“தழும்பப் பத்தி?”

“அதப் பத்தி ஒண்டும் இல்ல. வாசிச்சாங்களோ தெரியாது. திருத்தி எழுதட்டா மொதலாளி, நீங்க டிரைவர் எண்டு?”

“அவங்க கேட்டா சொல்லுவோம்” என்றேன். இதுவரை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பள்ளிக்கூட மண்டபத்தில் சங்கக் கூட்டம். வெள்ளைச் சேர்ட்டில் அந்தப் பின்னைக் குத்திக்கொண்டு போய், நலன்விரும்பிகளுக்கான கடைசி வரிசையில் உட்காராமல், செயலாளரின் மேசைக்கு முன்னால் நின்றேன். பள்ளிக்கூடத்தின் இப்போதைய அதிபர் ஒரு டீச்சர், நல்ல பிள்ளை. கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். சத்தமாக வாசித்தார். பாதியில் அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் முழுவதையும் வாசித்தார்.

“மூணு கிழமை ஜீப் ஓட்டுனவன அவங்க பழைய மாணவன்னு சொல்றாங்க. அஞ்சு வருசம் ஒன் பக்கத்துல பெஞ்சுல இருந்தேன், நீ வெளியாள்னு சொல்ற. இதுல யாருப்பா படிச்சவங்க?” என்றேன்.

மண்டபம் குலுங்கியது. கைதட்டினார்கள்கூட. செயலாளர் மட்டும் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீ ஓடுன அன்னைக்கு என்னா எடுத்துட்டுப் போன? சொல்லு.”

நான் குனிந்து சேர்ட்டில் பின்னைச் சரி செய்தேன்.

“நீ எடுத்தது மணிக்கம்பி” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “வாசல்ல தண்டவாளத் துண்டு தொங்குதே, அத அடிக்கிற கம்பி. அப்ப மணி அடிக்கிற மானிட்டர் நான். கம்பியக் காணோம்னு பெரிய வாத்தியார் என்னப் போட்டு அடிச்சாரு. ஒரு கிழமை கரண்டியால மணி அடிச்சேன். சத்தம் பக்கத்து லயத்து வீடுகளுக்குக் கூடக் கேக்கல, அதுக்கும் அடி. யாப்பாம், பத்திரமாம். எனக்கு வேண்டியது அந்தக் கம்பி. அதுக்கப்புறம் என்னா நடந்துச்சுன்னு அறுவது வருசமா இவன் ஒரு வார்த்தை கேக்கல.”

மணி அடிக்கவில்லை என்றால் பள்ளிக்கூடம் தொடங்காது என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். தொடங்காத பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினால் அது ஓடியதாகாது என்று ஒரு கணக்கு. யாருக்கு அடி விழும் என்று யோசிக்கவில்லை. வாழ்க்கையில் நான் பிழை விட்டது இரண்டு மூன்று இடத்தில்தான். அதில் இது ஒன்று.

வெளியே போனேன். ஜீப் வாசலில்தான் நின்றது, நான் அதை விற்கவில்லை. சீட்டுக்கடியிலிருந்து கம்பியை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

“அடி விழுந்தது தெரியாதுப்பா. தெரிஞ்சிருந்தா கொண்டாந்து குடுத்திருப்பேன்” என்றேன். பிறகு, உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டதால், “குடுத்துட்டு மறுபடி ஓடியிருப்பேன்” என்றும் சொன்னேன்.

அவர் கம்பியைக் கையில் தூக்கிப் பார்த்தார். நட் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

“இது ஏன் இப்பிடி இருக்கு?”

“அந்தப் புள்ள கல்லு ஒடச்சது. சுத்தியல் ஆத்துல போயிருச்சு. ரெண்டு கிழமை இதுதான்.”

“விண்வெளிக்குப் போற புள்ளயா?”

“ஆமா.”

நசுங்கிய இடத்தை விரலால் தடவினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதிபர் டீச்சரிடம் திரும்பினார். “எடுத்த சாமான் வந்துருச்சு டீச்சர். இவனுக்கு விடுகைப் பத்திரம் எழுதுங்க.”

டீச்சர் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினார். விலகிய காரணம் என்ன என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் செயலாளர் சொன்னார்: “மேற்படிப்புன்னு போடுங்க.” நடத்தை என்ற இடத்தில் டீச்சர் பேனையை நிறுத்தினார். “திருப்திகரம்னு போடுங்க. திருடுனத நல்லா வச்சிருந்திருக்கான்.”

அன்றைக்கே எனக்குப் பச்சை ரிப்பன் குத்தினார்கள். தங்கப் பின்னுக்குப் பக்கத்தில் அது கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நான் பின்னைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ரிப்பனோடு பஸாருக்குள் நடந்து வந்தேன்.

இப்போது ஒரு புதுத் தொல்லை. என் கதையை நான் சொல்ல விடாமல் செயலாளரே சொல்லிக்கொண்டு திரிகிறார். கரவனெல்லைக்குப் போகிற பஸ்ஸில் கூடச் சொல்கிறாராம்: “மேல போகப்போற புள்ள எங்க பள்ளிக்கூடத்து மணிக்கம்பியாலதான் கல்லு ஒடச்சு படிச்சது.” ஜீப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ரிவர்ஸைப் பற்றி இல்லை. தழும்பைப் பற்றிக் கேட்டால், “அது ஏதோ விபத்து” என்கிறாராம்.

அந்தப் பிள்ளை மேலே போகிற நாளில், எத்தனை மணியாக இருந்தாலும், பள்ளிக்கூட வாசலில் அந்தக் கம்பியால் மணி அடிப்பது என்று சங்கம் தீர்மானம் எடுத்திருக்கிறது. யார் அடிப்பது என்பதில்தான் தகராறு. மணி மானிட்டர் நான்தானே என்கிறார் அவர். கம்பியை அறுபது வருடம் பார்த்துக்கொண்டவன் நான் என்கிறேன். பயணத்தின் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று நானா நேற்று வாசித்துச் சொன்னார். நல்லதுதான். அதற்குள் அந்த ஆளைச் சம்மதிக்க வைத்துவிடுவேன்.