மாமனார் அடக்கத்துக்குப் பூசிய பெயிண்ட்

கண்ணை மூடிக்கொண்டு காரின் பக்கவாட்டுத் தகட்டைத் தடவிக்கொண்டே போகிறார் கொன்சொலாட்டா அலூ. உள்ளங்கையால் அல்ல, நான்கு விரல்களின் புறப்பக்கத்தால். உள்ளங்கை வருஷக்கணக்காக உகாலிக் களி கிண்டிக் காய்த்துப் போனது, அதற்கு ஒன்றும் தெரியாது என்பார். கதவைத் தாண்டிப் பின்சக்கரத்தின் மேல் வளைவுக்கு வந்ததும் கை நிற்கிறது. அரை அடி திரும்பிப் போகிறது. மறுபடி நிற்கிறது. வண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார்.

"பேசாதீங்கண்ணே. சோடா குடிங்க."

மோதிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற சர்வேயர் கொன்சொலாட்டா. கிசுமு என்ற ஏரிக்கரை நகரத்தில் அந்த வேலையில் இருக்கும் ஒரே பெண். வயது நாற்பத்தேழு. கிபுயே சந்தைக்குப் பின்னால் இருக்கிற டிங்கரிங் பட்டறைகளில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. பிறந்த ஊரை வைத்து 'நியார் உயோமா' என்பார்கள், உயோமாவின் மகள். தெருமுனையில் அவருடைய பைக் டாக்ஸி தெரிந்ததுமே அந்தப் பெயர் பட்டறை பட்டறையாகக் கைமாறி வந்து சேரும். யார் யாரோ எதை எதையோ தார்ப்பாயால் மூடுவார்கள்.

தோள்பையில் ஒரு டார்ச், அளவு நாடா, சாக்பீஸ், மடித்து வைத்த எண்ணெய் அட்டைப்பெட்டி. அட்டையைத் தரையில் விரித்து, பாவாடைக்கு மேல் 'லெசோ' என்கிற அகலத் துணியைச் சுற்றிக்கொண்டு, மாதா கோவிலுக்குப் போடுகிற அதே செருப்போடு வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெளியே இரண்டு குதிகால்கள் மட்டும் தெரியும். பையில் அன்னாசிப்பழ வடிவத்தில் ஒரு காந்தமும் உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இருந்ததுதான். தகடு என்றால் ஒட்டும், பள்ளத்தை மறைக்கப் பட்டி பார்த்த இடம் என்றால் விழும். படம் எடுக்கும்போது அன்றைய செய்தித்தாளை பானெட்டின் மேல் விரித்து வைப்பார், தேதி தெரியட்டும் என்று. படம் எடுத்து முடிந்ததும் அதே தாளில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் படிப்பார்.

சொந்தக் கார் கிடையாது. பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, ஓட்டுகிறவனின் தோளைத் தட்டிக்கொண்டே வருவார். "மெதுவாப் போப்பா. இது இடிச்சா எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்."

இந்த வேலைக்கு வந்த புதிதில் பொய்களைக் கேட்டுக் கோபப்பட்டிருக்கிறார். இப்போது ரகம் பிரிக்கிறார். மாடு குறுக்கே வந்தது என்றால் முகப்பு விளக்கின் விளிம்பில் மயிர் தேடுவார். மோதிய மாடு அங்கே ஒரு மயிராவது விட்டுவிட்டுத்தான் போகும். மாட்டுக்காரர்களையும் விடுவதில்லை. "இந்த ஊர்ல கார் இடிச்சுச் செத்த மாட்டுல ஒண்ணுகூட கிழடு இல்ல. எல்லாம் நாளைக்குக் காலையில கன்னு போட இருந்தது" என்பார். கதை நீண்டால் கையை உயர்த்துவார். "அண்ணே, எனக்கு நேரம் கம்மி. பொய்யா இருந்தா சுருக்கமாச் சொல்லுங்க."

இழப்பீட்டுக் கோரிக்கைகளை வெட்டுவதில் கெட்டிக்காரி என்று கம்பெனிகளில் அவருக்குப் பெயர். வெட்டிவிட்டு வருகிற நாளில் மத்தியானச் சாப்பாட்டில் அவருக்கு மீன் இறங்காது என்பது சந்தையில் மீன் பொரிக்கிற பெண்ணுக்கு மட்டும் தெரியும். தலையும் நடுத்துண்டும் தட்டில் அப்படியே கிடந்தால், "இன்னிக்கு யாரு?" என்று கேட்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்தப் பட்டியலில் சேர இருந்தவர் ஜாஷோன் ஒமுகா. மேல்நிலைப் பள்ளியில் பாட்டு வாத்தியார். பன்னிரண்டு நாளுக்கு முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம், ரவுண்டானாவில் அவருடைய சிறிய சிவப்புக் காரைப் பின்னாலிருந்து, ஆட்களை ஏற்றிப் போகிற ஒரு மடாட்டு வேன் இடித்தது. யாருக்கும் அடி இல்லை. போலீஸ்காரர் கொடுத்த தாளில் 'பின்புறம் லேசான சேதம்' என்று மூன்றே வார்த்தை. வாத்தியார் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை காரைப் பார்க்க வந்த கம்பெனி குமாஸ்தாவுக்குக் கிடைத்தது கண்ணாடி மாதிரி மின்னுகிற ஒரு கார். கோப்பின் மேல் ஒரு குறிப்பு எழுதினார்: 'சேதம் எதுவும் இல்லை. மோசடியாக இருக்கலாம். வேன் உரிமையாளரும் மறுக்கிறார். சர்வேயர் பார்த்து முடித்து வைக்கவும்.'

மோசடி என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அது அந்தக் கம்பெனியோடு நிற்காது. பெயர் எல்லாக் கம்பெனிக்கும் போகும். பிறகு அந்த ஆளுக்கு யாரும் இன்சூரன்ஸ் தரமாட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி சாலையில் ஓட முடியாது. பள்ளிக்கூடத்துக்கும் எப்படியாவது சேதி வந்துவிடும்.

டிங்கரிங் செய்கிற ஒச்சோலாவின் பட்டறையில் கார் நின்றது. வாத்தியார் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார், நீதிமன்றத்துக்கு வந்தவர் மாதிரி.

"மேடம், நான் சர்ச்சுல மூப்பர். பதினாறு வருஷமா பிள்ளைங்களுக்குப் பாட்டு..."

"வாத்தியாரே, உக்காருங்க. சோடா குடிங்க."

அவரை ஒரு பழைய டயரின் மேல் உட்கார வைத்துவிட்டு, கொன்சொலாட்டா கண்ணை மூடிக்கொண்டார். வலது பின்மூலையில் கை நின்றது. காந்தத்தை வைத்தார். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். விழுந்தது. இன்னொரு சாண் தள்ளியும் விழுந்தது.

"ஒச்சோலா, இது காரா, கேக்கா? எத்தனை கிலோ பட்டி அப்பியிருக்கே?"

"அக்கா, அவசரம்னாங்க. வெள்ளிக்கிழமை காலையில விட்டாங்க, சாயங்காலமே வேணும்னாங்க. சனிக்கிழமை அடக்கம்."

"யாருக்கு அடக்கம்?"

வாத்தியார் டயரிலிருந்து எழுந்தார். "என் மாமனாருக்கு மேடம். உகென்யாவுல."

கொன்சொலாட்டா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நசுங்கின வண்டியில மாமனார் வீட்டுக்குப் போய் இறங்க முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்றார் வாத்தியார். "என் மச்சானுங்க ஆறு பேரு. கல்யாணத்துக்கே, 'பாட்டு வாத்தியாருக்கா பொண்ணைக் குடுக்குறீங்க'ன்னு கேட்டவனுங்க. பின்னாடி நாலு வண்டியில என் பாடகர் குழு வருது. முன்னாடி நான் பம்பரைக் கயித்துல கட்டிக்கிட்டுப் போனா..."

"சர்வேயர் பாக்குற வரைக்கும் வண்டியில கை வைக்கக் கூடாதுன்னு படிவத்துல போட்டிருக்கே."

"போட்டிருக்கு மேடம். அதை மச்சானுங்க படிக்கலையே."

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கொன்சொலாட்டா சிரிக்கவில்லை. இதே தப்பை அவர் மாதத்துக்கு இரண்டு தடவை பார்க்கிறார். இந்த ஊரில் இடித்த வண்டி இன்சூரன்ஸுக்காகக் காத்திருக்கும். அடக்கம் வந்துவிட்டால் காத்திருக்காது.

டிக்கியைத் திறந்து, விரிப்பைச் சுருட்டி, ஸ்டெப்னியைத் தூக்கி வாத்தியாரின் கோட்டு மேலேயே சாத்தினார். குழிக்குள் டார்ச் அடித்தார். அங்கே ஒச்சோலாவின் கை போகவில்லை. தகடு துணி மாதிரி மடிந்து கிடந்தது. மடிப்பில் பெயிண்ட் வெடித்து, வெறும் இரும்பின் மேல் மெல்லிய மஞ்சள் துரு பூத்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். ஏரிக்காற்று அடிக்கிற ஊரில் ஒரு மாசமானால் இது காப்பி நிறத்துக்கு வந்துவிடும். இந்த மஞ்சளுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வயசு கிடையாது.

"அடி புதுசுதான்" என்றார்.

வாத்தியாருக்கு மூச்சு வந்தது.

"ஆனா யாரு அடிச்சதுன்னு இது சொல்லாது. நீங்களே பின்னாடி போய்ச் சுவத்துல இடிச்சிருக்கலாம்ல?"

வந்த மூச்சு போயிற்று.

"பழைய பம்பர் எங்கே?" கொன்சொலாட்டா இப்போது ஒச்சோலாவைப் பார்த்தார்.

"அது சுக்குநூறா ஒடைஞ்சு போச்சு அக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

"நீயா?"

"ஆமா."

"ஒச்சோலா, போன வருஷம் செத்த பேட்டரியை நீ இன்னும் ஸ்டூலாப் போட்டு உக்காந்திருக்கே. பம்பரைத் தூக்கிப் போட்டியா?"

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இதற்குள் வேலியோரம் வந்துவிட்டார்கள். "நியார் உயோமா, அவன் கல்யாணத்துல கட்டின ரிப்பனைக்கூட வச்சிருக்கான்!" என்றது ஒரு குரல். ஒச்சோலா தலையைச் சொறிந்தான்.

இங்கே உடைந்த பம்பரைச் சூடான கம்பியால் தைத்து இன்னொரு வண்டிக்கு மாட்டுவார்கள். வாத்தியாருடைய காரைப் போன்ற கார் நகரத்தில் மூலைக்கு மூன்று நிற்கும், எல்லாவற்றுக்கும் பொருந்தும். கொன்சொலாட்டா இடுப்பில் கைவைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினார். வாத்தியார் முதலில் உட்கார்ந்திருந்த டயருக்கு நேர் எதிரே, மூன்றடி தள்ளி, அதே ரகத்தில் ஒரு வெள்ளை டாக்ஸி நின்றது. வெள்ளை வண்டிக்குச் சிவப்புப் பம்பர். அந்தத் தெருவில் அது ஒரு அதிசயமே இல்லை. ஒரே நிறத்தில் முழுதாக இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

"வாத்தியாரே, இதைக் கொஞ்சம் பாருங்க."

வாத்தியார் குனிந்தார். பம்பரின் ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர்.

"இது... எங்க பாட்டுப் போட்டி ஸ்டிக்கர்! என் பம்பர்! டேய் ஒச்சோலா, 'இனி ஒண்ணுக்கும் ஆகாது'ன்னியேடா! எனக்கு வேற பம்பர் வித்தியேடா!"

"உங்களுக்கு ஆகாதுன்னுதான் சொன்னேன் சார்" என்றான் ஒச்சோலா. வேலி முழுக்கச் சிரித்தது.

கொன்சொலாட்டா அதற்குள் அட்டையை விரித்து டாக்ஸிக்கு அடியில் போயிருந்தார். தைத்த பிளவின் ஓரத்தை ஒச்சோலா தேய்க்காமல் விட்டிருந்தான். வெளியே தெரியாத இடத்துக்கு யார் மெனக்கெடுவார்கள்? அங்கே விரல் நீளத்துக்கு ஒரு ஊதாக் கீற்று. கோப்பில் இருந்த வேனின் படத்தை மேலிருந்து வாங்கிப் பக்கத்தில் பிடித்தார். மடாட்டு அடி முதல் நுனி வரை அதே ஊதா. முன்னால் வெல்டு செய்த இரும்புக் கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று வேன் நிற்கிற இடத்தில் காலையிலேயே அளந்து குறித்திருந்தார். நாடாவைப் பிடித்துக் கீற்றின் உயரத்தை அளந்தார். அரை விரற்கடை வித்தியாசம்கூட இல்லை.

குதிகால்கள் அப்படியே கிடந்தன. வாத்தியார் குனிந்து பார்க்கவும் பயந்து நின்றார்.

"மேடம்?"

"அந்தச் செய்தித்தாளை எடுங்க வாத்தியாரே. படம் எடுக்கணும்."

அந்தக் குரலில் ஒரு இளக்கம் இருந்தது. வேலியோரம் நின்றவர்களுக்கு அது புரிந்துவிட்டது. சிலர் கை தட்டினார்கள்.

படிவத்தை டாக்ஸியின் பானெட்டில் வைத்தே எழுதினார். 'சேதம் உண்மை. இந்த மோதலால் ஏற்பட்டது. மோசடி அல்ல.' கடைசியில் ஒரு கேள்வி: பார்வையிடுவதற்கு முன்பே பழுது பார்க்கப்பட்டதா? ஆம் எனில் காரணம்?

"அதை எழுதணுமா மேடம்?" வாத்தியாரின் குரல் இறங்கிப்போனது.

"எழுதணும். நான் எழுதலைன்னா நானும் பட்டி பாத்த மாதிரி."

எழுதினார். மாமனார் அடக்கம். பிறகு, ஒருபோதும் செய்யாத காரியமாக, அங்கிருந்தே கம்பெனி அதிகாரிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"பம்பர் கிடைச்சிருச்சு சார். வேன் பெயிண்ட் அதுல இருக்கு. மோசடி இல்ல. ஆனா முன்கூட்டியே டிங்கரிங் பண்ணிட்டார்."

"அது விதிமீறல் ஆச்சே நியார் உயோமா. வெட்டிர வேண்டியதுதானே? என்ன காரணம் சொல்றார்?"

"மாமனார் அடக்கம்."

வாத்தியார் சோடா பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு மாமனார்?"

"உகென்யா."

"உகென்யாவா!" போனில் ஒரு நீண்ட பெருமூச்சு. "நானும் அங்கதான் பொண்ணெடுத்திருக்கேன். சரி, பூச்சு வேலை அவர் கைக்காசு. உள்ள மடிஞ்சதை நாம பாத்துக்கலாம். அறிக்கையை அனுப்புங்க. நம்ம பட்டறைக்கு இன்னிக்கே வண்டியைக் கொண்டுபோகச் சொல்லுங்க."

வாத்தியார் டயரின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். ஒச்சோலாவைத் திட்ட வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"அங்க என்னதான் சொன்னாங்க, மச்சானுங்க?" என்று கேட்டார் கொன்சொலாட்டா.

"பெரியவன் காரைச் சுத்திச் சுத்தி வந்தான் மேடம். விரலால தொட்டுப் பாத்தான். அப்புறம் என் பொண்டாட்டிகிட்டப் போய், 'உன் புருஷன் புது வண்டி வாங்கியிருக்கான், எங்களுக்குச் சொல்லவே இல்லையே'ன்னு கோச்சுக்கிட்டான்."

கொன்சொலாட்டா சிரித்தார். பட்டறையில் அந்தச் சிரிப்பை அதுவரை யாரும் கேட்டதில்லை. லெசோவால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நேரமாச்சு. பட்டறை மூடுறதுக்குள்ள கொண்டு போய் விடுங்க வாத்தியாரே."

வாத்தியார் கைகூப்பாத குறையாக ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். குறுகலான சந்து. கொன்சொலாட்டா பின்னால் நின்று, "வா, வா, வா, நில்லு, ஒடி" என்று கையைக் காட்டித் திருப்பிவிட்டார். வண்டி தெருவைப் பார்த்து நின்றதும், மடாட்டுக் கண்டக்டர்கள் 'போகலாம்' என்று வண்டி முதுகில் அறைவார்களே, அதுபோல பட்டி அப்பிய வலது பின்மூலைக்கு மேலே கையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இரண்டு எட்டு நகர்ந்து, அடிபடாத இடது பக்கத்துக்குப் போய், அங்கே மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.