கதவுக்கு வெளியே நின்ற கண்ணாடிக்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவதுதான் அவருடைய பிழைப்பு. மயிரிழை பிசகினாலும் ஆள் தலைவலியோடு திரும்பி வந்துவிடுவார் என்பதால், எதையும் அளந்தே செய்கிற குணம் அவருக்கு ஊறிப்போயிருந்தது. சினிமா எடுக்கக் கற்றுக்கொள்ளச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தபோது அந்தக் குணத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போனதுதான் வினை.

பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை அப்படியே மறுபடி எடுத்துவரச் சொன்னார்கள். அது தேறினால்தான் அடுத்த பருவத்தில் சொந்தமாக ஒரு குறும்படம் எடுக்க விடுவார்கள். மனிதருக்கு நினைப்பெல்லாம் அந்தக் குறும்படத்தின் மேல்தான். அவருக்கு வாய்த்த காட்சியில், கோபித்துக்கொண்டு போன கணவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். மனைவி திறக்கிறாள். "உள்ள வரலாமா?" என்கிறான். அவள் சற்று நின்று, வழிவிடுகிறாள். அவ்வளவுதான்.

வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கிற மாதிரி கேமராவை நிறுத்திவிட்டு, கணவனாகத் தானே நடித்தார். மனைவியாக நடிக்க வீட்டுக்காரி இருக்கவே இருக்கிறாள். எத்தனை எண்ணும்போது கதவு திறக்க வேண்டும், எத்தனை எண்ணியபின் அவள் நகர வேண்டும் என்று அசல் படத்தைப் பார்த்துக் கணக்குப் பண்ணி வைத்திருந்தார். பாவம், ஒரு மாலை முழுதும் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக அவள் அல்லாடிப் போனாள்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் கருத்துச் சொல்லி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வெளிச்சம் அச்சு அசல், கதவின் நிறம்கூட அசல் என்று ஆரம்பத்தில் புகழ்மழைதான். வகுப்பில் கூடப் படிக்கிற பல் டாக்டரம்மாதான் கையைத் தூக்கினார். கணவனின் உதடு அசைகிறது, என்னவோ எண்ணுகிறார் என்றார். திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மனைவியின் முகத்தை உருக்கமாகப் பார்த்தபடி கண்ணாடிக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுப்பது பளிச்சென்று தெரிந்தது. வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார்.

"இவங்க ரெண்டு பேரையும் பாத்தா புருஷன் பொண்டாட்டி மாதிரியே தெரியல."

அதே காட்சியை அடுத்த வாரம் மறுபடி எடுத்துவரச் சொன்னார் வாத்தியார். அதுவும் தேறாவிட்டால் குறும்படம் கிடையாது.

வழியெல்லாம் டாக்டரம்மாவை மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டே வந்தார். பல் பிடுங்குகிறவருக்குப் புருஷன் பொண்டாட்டியைப் பற்றி என்ன தெரியுமாம்? மனைவியாவது தன் பக்கம் பேசுவாள் என்று வீட்டில் நடந்ததைச் சொன்னால், அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் நடிக்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனை என்றாள்.

"எப்ப கதவத் திறக்கணும்னு நீங்க சொல்லக் கூடாது. எனக்குத் தோணும்போதுதான் திறப்பேன்."

மறுநாள் மாலை கேமராவை அவளே ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தட்டினார். காத்திருந்தார். கதவு திறக்கிற வழியாக இல்லை. காய்கறிப் பையோடு ஏறிப்போன மாடிவீட்டுக்காரர், வீட்டில் சண்டையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார்.

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைப்பது சனிக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளையும் வகுப்புக்குக் கொடுக்கிறேன் என்று அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்துவிட்டாளே என்று நினைத்தவர், மறுபடி தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார்.

கதவு திறந்தது. அவருக்கு வசனம் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"என் மேல கோவமா?"

"இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு, அவரைச் சற்று நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு வழிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அடுத்த பருவத்தில் நீங்கள் படம் எடுக்கலாம் என்றார் வாத்தியார். கூடவே, இருந்த வசனத்தை மாற்றியது மட்டும் ஏன் என்று கேட்டார்.

"மாத்தலைங்க," என்றார் கண்ணாடிக்காரர். "நான் நெஜமாத்தான் கேட்டேன்."