பதினோராம் எண் கதவு

நில அளவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கறாரான ஆள் என்று எனக்குப் பெயர். 'சர்வேயரம்மா வந்தா காக்கா கூட எல்லைக்கல்லுக்கு அந்தாண்ட போய்தான் உக்காரும்' என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. புதிதாக வேலையில் சேர்ந்த பிள்ளைகள் அனுபவம் கேட்டால் வாய்க்கால் தகராறு, பாகப்பிரிவினைச் சண்டை என்று சிரிப்பாக எதையாவது சொல்லி அனுப்பிவிடுவேன். இதை இதுவரை சொன்னதில்லை.

1. வரைபடத்தில் இருந்த தெரு

சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒரு மீனவர் குப்பம். அதை ஒட்டி வடக்கே ஒரு காலனி. ஒரே தெரு, பதினான்கு வீடுகள். காலனிக்காரர்களுக்குப் படகு கிடையாது. கருவாடு காயவைப்பது, நண்டு பிடிப்பது, ஈ.சி.ஆர். விடுதிகளில் துணி துவைப்பது என்று கிடைத்த வேலை செய்பவர்கள். கடல் கரையை அறுக்கத் தொடங்கியபோது குப்பத்துப் பஞ்சாயத்து மனு கொடுத்தது. குப்பத்துக்கு முன்னால் பாறாங்கல் கொட்டினார்கள். அந்தப் பஞ்சாயத்தில் காலனிக்கு இடம் இல்லை, ஆகவே மனுவிலும் இல்லை. கல்லில் முட்டிய கடல் வடக்கே திரும்பிக் காலனியை அறுத்தது.

கடல்மட்டம் உயர்கிறது, புயல் வலுக்கிறது என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கடல் முதலில் யார் வீட்டுக்கு வரும் என்று அதில் சொல்லவில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கரையிலிருந்து உள்ளே தள்ளி மனை கொடுக்க உத்தரவு வந்தது. பட்டியல் எடுப்பது என் வேலை. வீட்டு வாசலில் நின்று குடும்பத் தலைவர் பெயரைக் கூப்பிட வேண்டும். கதவு எண் தெரியப் படம் எடுக்க வேண்டும். அந்தந்த மனையின் எல்லைக்குள் நின்று எடுத்த படத்தைத்தான் எங்கள் மொபைல் ஆப் ஏற்கும்.

குப்பத்தை முடித்துவிட்டு உச்சிவெயிலில் காலனிக்கு நடந்தோம். கூட வந்தவர் செயின்மேன் டேவிட், பதினைந்து வருஷமாக எனக்கு டேப் பிடித்தவர். வரைபடத்தைப் பிரித்தேன். கையில் தெரு இருந்தது, எதிரே கடல் இருந்தது.

மணலில் ஒன்றரை ஆள் உயரத்துக்குச் சிமென்ட் தூண் மாதிரி ஒன்று நின்றது. பக்கத்தில் போன பிறகுதான் அது உறைக்கிணறு என்று தெரிந்தது. சுற்றியிருந்த மண்ணைக் கடல் தின்றுவிட, தரைக்குள் இருந்த கிணறு வெளியே நின்றுகொண்டிருந்தது. அதன் வாயில் காற்று பட்டு ஊ என்று ஒரு சத்தம், நாங்கள் இருந்த நேரம் முழுக்க நிற்கவே இல்லை.

வீடு போனபின் ஒதுங்கியிருந்த சவுக்குத் தோப்பிலிருந்து காலனி ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் ரோசம்மா, விடுதியில் துணி துவைப்பவள்.

"உன் வீடு எதும்மா?"

"தோ, கெணறு நிக்கிதுல்ல மேடம், அதுக்கு அந்தாண்ட. வாசப்படில அலை அடிச்சிகினு கீது பாருங்க."

அவள் கை காட்டிய இடத்தில் தண்ணீர்தான். ஆனாலும் வாசற்படி தெரிகிற மாதிரி எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அவர்களோடு நானும் பார்த்தேன்.

விதிப்படி பெயர்களைக் கூப்பிட்டேன். பதினோராம் எண், அந்தோணி. தனி ஆள். ஈரத்துண்டோடு ஒரு பெரியவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"கீறேம்மா."

கூப்பிட்ட பதினான்கு பெயருக்கும் பதில் வந்தது. 'கள ஆய்வில் வீடு இல்லை' என்று பதினான்கு தடவை எழுதினேன். சுவர் விரிந்த குப்பத்து வீடுகள் பட்டியலில் ஏறின. வீட்டையே பறிகொடுத்தவர்கள் விட்டுப்போனார்கள். எனக்கு அன்று அது தப்பாகத் தோன்றவில்லை. இல்லாததை இருக்கிறது என்று எழுத எந்த விதியும் இல்லையே!

2. தோப்பில் நின்ற கதவுகள்

காலனிக்காரர்கள் ஆட்சேபம் கொடுத்தார்கள். பட்டியலை முடிக்க இரண்டு நாள் இருக்கும்போது மறு ஆய்வுக்குப் போனேன். மார்கழிக் காலை, கடலிலிருந்து பனி ஏறித் தோப்பை மூடியிருந்தது. ஆள் அரவம் இல்லை.

பனிக்குள் முதலில் ஒரு கதவு தெரிந்தது. பிறகு இன்னொன்று. வரிசையாகப் பதினான்கு கதவுகள், நிலையோடு, சவுக்குக் கழிகளில் கட்டி நிறுத்தியிருந்தன. சுவர் இல்லை, கூரை இல்லை. ஒவ்வொரு கதவிலும் நீல பெயின்டில் எண், ஒவ்வொன்றின் முன்னாலும் தண்ணீர் தெளித்திருந்தது.

டேவிட் டேப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு என் காதருகே வந்து சொன்னார், "மேடம், கதவுக்குக் கதவு நம்ம மேப்புல கீற அளவுதான். அடி பெசகல."

ஆறாம் எண் கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல். கதவைத் திறந்துகொண்டு ரோசம்மா வந்தாள்.

"கடலு கிட்ட வந்தா மொதல்ல கதவத்தான் கழட்டுவோம் மேடம். பண்டபாத்திரம் போனா வாங்கிக்கலாம். நம்பரு போச்சுன்னா ரேசன் இல்ல, ஓட்டு இல்ல, நாங்களே இல்ல. கதவு இல்லாம எப்டி தட்டுவீங்க? அதான் நட்டு வெச்சிகினு காத்துகினு கீறோம்."

பதினோராம் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளினேன், திறந்தது. அந்தப் பக்கம் பனி மட்டும்.

"அந்தோணி பெருசு போன வாரம் போய் சேந்துட்டாரு," என்றாள் ரோசம்மா. "லிஸ்ட்ல பேரு வந்துச்சா, வந்துச்சான்னு கேட்டுகினே இருந்தாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆள் எதிரே நின்று இருக்கிறேன் என்று சொல்லியும் இல்லை என்று எழுதியவள் நான்.

ஆறாம் எண்ணைப் படம் எடுத்தேன். 'மனை எல்லைக்கு வெளியே' என்று ஆப் தள்ளிவிட்டது. அதன் கணக்கில் மனை கடலுக்குள் இருந்தது. சரி, அங்கேயே போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அளக்கிற அந்த ஒரு வேலையாவது எனக்கு ஒழுங்காகத் தெரியும்.

3. தண்ணீருக்குள் அளந்தது

கிணறு வரைபடத்தில் குறித்திருந்த கிணறு. தோப்பு ஓரத்தில் ஒரு எல்லைக்கல் மிச்சம் இருந்தது. ஒரு மனையை மீட்டெடுக்க இந்த இரண்டு புள்ளியும் போதும். அலை வற்றிய நேரம் பார்த்துப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். டேவிட் டேப்பின் மறுமுனையோடு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். "இங்க," என்று நான் சொன்ன இடங்களில் சவுக்குக் கழி நட்டார். என் காலுக்கடியில் ஏதோ வழவழவென்று தட்டியது. குனிந்து தடவினேன். சிமென்ட் படி.

கதவுகளைத் தூக்கிக்கொண்டு காலனிக்காரர்கள் வந்தார்கள். அவரவர் வீட்டில் அவரவர் கதவைப் பிடித்து நின்றார்கள். கடலுக்குள் அந்தத் தெரு மறுபடி நின்றது. நான் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பெயரைக் கூப்பிட்டேன். கதவு திறந்தது, "கீறேன் மேடம்" என்றார்கள், ஆப் ஏற்றுக்கொண்டது.

பதினோராம் கதவை டேவிட் பிடித்திருந்தார். பழக்கத்தில் என் வாய் கூப்பிட்டுவிட்டது.

"அந்தோணி!"

அலை வந்து கதவின் பின்பக்கத்தில் மோதியது. டொக். மறுபடி டொக். உள்ளே இருந்து யாரோ தட்டுகிற மாதிரியே இருந்தது. கிணறு ஊதிக்கொண்டிருந்தது. படம் எடுத்தேன், அதையும் ஆப் ஏற்றுக்கொண்டது.

தாசில்தார் படங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா இது, தண்ணிக்குள்ள கதவு?"

"எல்லைக்குள்ளதான் சார் இருக்கு."

அவர் வரைபடத்தை வாங்கி எண்களை ஒத்துப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பதின்மூன்று குடும்பத்துக்கு மனை கிடைத்தது. ரோசம்மா புது வீட்டில் அதே ஆறாம் எண் கதவைத்தான் மாட்டியிருக்கிறாள்.

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது ஒன்று சொல்கிறேன். டேப்பைப் பிரிக்கும் முன்னால் பெயரைக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் அங்கே வீடு இருக்கிறது. அதை எங்கே காட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் நம் உத்தியோகம். நான் அதை ஒரு ஆய்வு தாமதமாகக் கற்றுக்கொண்டேன். அந்தப் பட்டியலில் பதினோராம் எண்ணுக்கு எதிரே என் கையெழுத்தில் இப்போதும் இப்படித்தான் இருக்கும்: 'வீடு இருக்கிறது. ஆள் இல்லை.'